கருவுக்குள் என்ன நடக்கிறது? உயர்தர மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் உயர்தர (ஏ/எல்) உயிரியல் படிப்பிக்கிறேன். கலத்தின் கரு பற்றிய பாடம் வந்தால் கேள்விகள் வகுப்போடு முடிவதில்லை. பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அம்மாமார் வாசலில் நின்று கேட்பார்கள், இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் குரல் செய்தி வரும். திரும்பத் திரும்ப வருகிறவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். கலம் (செல்), கரு (கலத்தின் நியூக்கிளியஸ்), புன்கரு (கருவுக்குள் தெரியும் சிறிய உருண்டை), நிறமூர்த்தம் (குரோமோசோம்), குழியவுரு (கருவைச் சுற்றியுள்ள கலப்பொருள்) என்று பாடநூல் சொற்களையே வைத்திருக்கிறேன். பரம்பரையலகை மட்டும் வகுப்பில் எல்லாரும் சொல்கிற மாதிரி ஜீன் என்றே எழுதுகிறேன்.

கருவுக்குள் இரண்டு மீற்றர் டிஎன்ஏ இருக்கிறது என்பது உண்மையா? எப்படி இடம் போதும்?

உண்மைதான். மனிதக் கலமொன்றின் கரு பெரும்பாலும் 5 முதல் 10 மைக்ரோமீற்றர் விட்டம் கொண்டது. அதாவது ஒரு மில்லிமீற்றரை நூறாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு, அல்லது அதிலும் குறைவு. அதற்குள் 46 நிறமூர்த்தங்கள். அவற்றின் டிஎன்ஏயை நீட்டி வரிசையாக வைத்தால் ஏறத்தாழ 2 மீற்றர் வரும். 600 கோடிக்கு மேற்பட்ட மூலச் சோடிகள், அதாவது டிஎன்ஏயின் எழுத்துகள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கருவைப் பத்தாயிரம் மடங்கு பெருப்பித்து 10 சென்ரிமீற்றர் பந்தாக்குவோம். அப்போது டிஎன்ஏ 20 கிலோமீற்றர் நூலாகிவிடும். காலிமுகத்திடலில் பட்டம் விடுகிற ஒருவர் கையில் அந்த நூல் இருந்தால், காலி வீதியால் மொறட்டுவைப் பக்கம் வரை விடலாம். ஆனால் நூலின் தடிப்பு 0.02 மில்லிமீற்றர்தான், தலைமயிரை விட மெல்லியது. இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது: அந்த நூல் முழுவதும் பந்தின் கனவளவில் நூற்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் பிடிக்கும். ஆகவே இடம் போதாமை பெரிய பிரச்சினையே இல்லை. 46 துண்டு நூலும் ஒன்றோடொன்று சிக்காமல் இருக்கவேண்டும், 20 கிலோமீற்றரில் இன்றைக்குத் தேவையான சில முழம் மட்டும் உடனே கைக்கு எட்டவேண்டும். பிரச்சினை அங்கேதான். கருவின் ஒழுங்கமைப்பு பற்றிய மற்ற எல்லாக் கேள்விகளும் இதிலிருந்துதான் தொடங்குகின்றன.

சிக்காமல் எப்படி வைத்திருக்கிறது?

முதல் படி ஹிஸ்டோன் புரதங்கள். எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 என்ற நான்கு வகையிலும் இரண்டிரண்டாக எட்டுப் புரதங்கள் சேர்ந்து ஒரு திரளை உருவாக்கும். அதைச் சுற்றி 147 மூலச் சோடி நீளமான டிஎன்ஏ ஒன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றிக்கொள்ளும். இதுதான் நியூக்கிளியோசோம். இந்த அமைப்பை 1974-ல் ரொஜர் கோர்ன்பேர்க் முன்வைத்தார். அணு மட்டத்தில் தெளிவான படம் 1997-ல் கிடைத்தது. டிஎன்ஏ எதிரேற்றம் உடையது, ஹிஸ்டோன்கள் நேரேற்றம் உடையவை. ஆகவே ஒட்டிக்கொள்வதற்குத் தனியாகப் பசை எதுவும் தேவையில்லை. முறுக்கு ஏறினால் டிஎன்ஏயை வெட்டி, முறுக்கை அவிழ்த்து, மறுபடி ஒட்டிவிடும் நொதியங்கள் (என்சைம்கள்) உண்டு. அவற்றுக்கு டோபோஐசோமரேஸ் என்று பெயர். சில புற்றுநோய் மருந்துகள் இந்த நொதியங்களைத்தான் குறிவைக்கின்றன.

அடுத்த படியில்தான் பாடநூலோடு எனக்குக் கொஞ்சம் மனவருத்தம். நியூக்கிளியோசோம்கள் ஒழுங்காகச் சுருண்டு 30 நனோமீற்றர் இழையாகி, அது மேலும் சுருண்டு, கடைசியில் நிறமூர்த்தமாகும் என்று படிப்படியாக ஒரு படம் வரும். பார்க்க அழகான படம். பரீட்சையில் கேட்டால் அதையே எழுதுங்கள். ஆனால் 2017-ல் அமெரிக்காவின் சோல்க் நிறுவக ஆய்வாளர்கள் மனிதக் கலங்களின் கருவை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் பார்த்தபோது அப்படி ஒழுங்கான இழை தென்படவில்லை. 5 முதல் 24 நனோமீற்றர் வரை தடிப்பு மாறுகிற, இஷ்டத்துக்கு வளைகிற சங்கிலிதான் இருந்தது. ஓர் இடம் இறுக்கமாக இருக்கிறது என்றால், அங்கே அந்தச் சங்கிலி நெருக்கமாகக் குவிந்திருக்கிறது என்றுதான் பொருள்.

சேர், நிறமூர்த்தம் எக்ஸ் வடிவத்தில்தானே கருவுக்குள் மிதக்கிறது?

இல்லை. எக்ஸ் வடிவம் கலம் பிரியும் வேளையில் மட்டும். கலத்தின் வாழ்நாளில் அது மிகச் சிறிய பகுதி. மற்ற நேரமெல்லாம் நிறமூர்த்தம் விரிந்து கிடக்கும். விரிந்து கிடந்தாலும் ஒன்றோடொன்று கலந்து போவதில்லை. ஒவ்வொன்றுக்கும் கருவுக்குள் தனியாக ஒரு பிரதேசம் உண்டு. 1885-லேயே கார்ல் ராப்ள் இப்படி இருக்கலாம் என்று ஊகித்தார், 1909-ல் தியோடர் பொவேரி பிரதேசம் என்ற கருத்துக்கு உருக்கொடுத்தார். அப்புறம் பல பத்தாண்டுகள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1970-களின் பிற்பகுதியிலும் 80-களிலும் ஜேர்மனியில் தோமஸ் கிரெமர், கிறிஸ்டோஃப் கிரெமர் என்ற சகோதரர்கள் கருவின் ஒரு சிறிய புள்ளியில் மட்டும் லேசர் கதிரைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். டிஎன்ஏ கருவெங்கும் பரவிக் கலந்திருந்தால் எல்லா நிறமூர்த்தங்களிலும் கொஞ்சம் கொஞ்சம் சேதம் வந்திருக்கவேண்டும். சேதமானவை சில நிறமூர்த்தங்கள் மட்டுமே. பரிசோதனை என்றால் இப்படி இருக்கவேண்டும். கேள்வி தெளிவு, விடையும் தெளிவு.

இந்தப் பிரதேசங்கள் ஏனோதானோ என்று அமைந்தவையும் அல்ல. 18-ஆம், 19-ஆம் நிறமூர்த்தங்கள் நீளத்தில் பெரிய வித்தியாசம் இல்லாதவை. 18-ல் ஜீன்கள் குறைவு, 19-ல் மிக அதிகம். மனித நிணநீர்க்குழியங்களில் (ஒரு வகை வெண்குருதிக் கலங்களில்) 18 கருவின் ஓரத்தை ஒட்டியும் 19 நடுப்பக்கமாகவும் இருக்கக் காண்கிறோம்.

எல்லாக் கலத்திலும் ஒரே டிஎன்ஏ என்றால், ஈரல் கலம் ஏன் கண் கலம் ஆவதில்லை?

வகுப்பில் கேட்கப்படும் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும்.

மனிதரில் புரதத்துக்கான ஜீன்கள் சுமார் 20,000. டிஎன்ஏயில் புரதமாக மொழிபெயர்க்கப்படும் பகுதி நூற்றுக்கு இரண்டு வீதம் கூட இல்லை. ஈரல் கலம் இந்த ஜீன்களில் ஒரு தொகுதியை வாசிக்கிறது, கண் கலம் வேறொரு தொகுதியை. எல்லாக் கலங்களுக்கும் பொதுவான ஜீன்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. எதை வாசிப்பது என்பதைத் தீர்மானிப்பவற்றில் முதலாவது, பிரதியெடுத்தற் காரணிகள் எனப்படும் புரதங்கள். அவை டிஎன்ஏயில் குறிப்பிட்ட குறுகிய எழுத்து வரிசைகளைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொண்டு, ஜீனைப் பார்த்து ஆர்என்ஏ என்ற பிரதியை எழுதும் ஆர்என்ஏ பொலிமரேசு நொதியத்தை வரவழைக்கும் அல்லது தடுக்கும்.

இந்த வரிசைகள் ஜீனுக்குப் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்பதில்லை. இதுதான் முதல்முறை கேட்கும் பிள்ளைகளை நிமிர்ந்து உட்கார வைக்கும் விஷயம். நம் கைவிரல்கள் ஐந்தாக அமைவதற்குத் தேவையான ஒரு ஜீன் சோனிக் ஹெட்ஜ்ஹொக். ஆம், வீடியோ கேம் பாத்திரத்தின் பெயர்தான், விஞ்ஞானிகளுக்கும் விளையாட்டு உண்டு. முளையத்தின் கையரும்பில் அந்த ஜீனைத் தூண்டும் டிஎன்ஏத் துண்டு, ஜீனிலிருந்து சுமார் பத்து இலட்சம் மூலச் சோடி தள்ளி, வேறொரு ஜீனின் நடுவே உட்கார்ந்திருக்கிறது. அந்தத் துண்டில் ஓர் எழுத்து மாறினாலே சிலருக்கு ஆறாவது விரல் வருகிறது. ஜீனில் எந்தப் பிழையும் இருக்காது. புரதமும் சரியான புரதமே. பிழையெல்லாம் அது எங்கே, எப்போது உண்டாகவேண்டும் என்ற அறிவுறுத்தலில்.

சரி, இவ்வளவு தூரத்திலிருந்து எப்படித் தூண்டுகிறது? டிஎன்ஏ வளைந்து தடமாக, அதாவது கயிற்றுச் சுருக்குப் போல, மடிகிறது. கோகீசின் என்ற வளையப் புரதம் டிஎன்ஏயைப் பிடித்து, தன் வழியே இழுத்து இழுத்துத் தடத்தைப் பெரிதாக்கும். சிடிசிஎஃப் என்ற புரதம் ஒட்டியிருக்கும் இடம் வந்தால் பெரும்பாலும் அங்கே நின்றுவிடும். இப்படி உருவாகும் வட்டாரத்துக்குள் இருக்கும் தூண்டிகளும் ஜீன்களும் அடிக்கடி சந்திக்கும். அடுத்த வட்டாரத்தோடு சந்திப்பு குறைவு. எல்லை அழிந்துபோனால் ஒரு ஜீன் தனக்குச் சம்பந்தமில்லாத தூண்டியின் பிடியில் விழலாம். கைகால் அமைப்புக் குறைபாடுகள் சிலவற்றிலும் புற்றுநோய்கள் சிலவற்றிலும் இப்படி நடந்திருப்பது தெரியவந்துள்ளது.

இதையெல்லாம் கண்ணால் பார்த்தார்களா, ஊகமா?

இரண்டும் இல்லை. பெரும்பகுதி கணக்கிட்டுக் கண்டது. 2009-ல் வெளிவந்த ஹை-சி என்ற முறையில், கருவுக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் டிஎன்ஏத் துண்டுகளை ஃபோமல்டிகைட்டால் இறுக்கிப் பிடித்து, வெட்டி, அருகிருப்பவற்றை ஒட்டி, பிறகு வாசிப்பார்கள். எந்தத் துண்டு எதோடு எத்தனை முறை ஒட்டிக்கொண்டது என்று எண்ணினால் ஓர் அண்மை வரைபடம் கிடைக்கும். நான் மேலே சொன்ன வட்டாரங்கள் 2012-ல் இப்படித்தான் வெளிப்பட்டன. கவனிக்கவேண்டியது: பெரும்பாலான வரைபடங்கள் இலட்சக்கணக்கான கலங்களின் சராசரி. தனிக் கலம் ஒவ்வொன்றிலும் மடிப்பு வேறுபடும், நிமிடத்துக்கு நிமிடம் மாறவும் செய்யும்.

இறுக்கமான பகுதி மூடியது, தளர்ந்த பகுதி திறந்தது. இவ்வளவுதானே?

பல்தேர்வு வினாவுக்கு இவ்வளவு போதும். 1928-ல் எமில் ஹைட்ஸ் பிரயோபீற்றாத் தாவரங்களின் கலங்களில் சாயம் அடர்த்தியாக ஏறும் பகுதியையும் மெல்லிதாக ஏறும் பகுதியையும் பிரித்துப் பெயரிட்டார்: ஹெற்றரோகுரோமற்றின், யூகுரோமற்றின். பொதுவாக முன்னதில் ஜீன்கள் அமைதியாகவும் பின்னதில் சுறுசுறுப்பாகவும் இருக்கும். ஹிஸ்டோன்களின் வால்பகுதியில் அசற்றைல் என்ற சிறு இரசாயனக் கூட்டங்கள் சேர்ந்தால் அவற்றின் நேரேற்றம் குறைந்து பிடி தளரும். 1964-லேயே வின்சென்ட் ஓல்ஃப்ரி இதற்கும் பிரதியெடுத்தலுக்கும் தொடர்பு கண்டார். மெதைல் என்ற மற்றொரு சிறு கூட்டத்தின் கதை அவ்வளவு நேரடியானதல்ல. ஹிஸ்டோன் எச்3-ன் அமினோ அமில வரிசையில் 9-ஆம் இடத்து லைசினில் மூன்று மெதைல் சேர்ந்தால் பொதுவாக ஜீன் அடங்கும், 4-ஆம் இடத்து லைசினில் சேர்ந்தால் அது இயங்கும் ஜீனின் தொடக்கத்தில் காணப்படும் அடையாளம். ஆகவே "மெதைல் வந்தால் ஜீன் மூடும்" என்று மனப்பாடம் பண்ணாதீர்கள்.

ஹெற்றரோகுரோமற்றின் பெரும்பாலும் கருவின் ஓரத்தில், கருமென்சவ்வின் உட்புறமுள்ள லாமின் புரத வலையை ஒட்டி இருக்கும். இதற்கு ஓர் அருமையான விதிவிலக்கு உண்டு. சுண்டெலி போன்ற இரவில் நடமாடும் பாலூட்டிகளின் விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் கோல்கலங்களில் கரு தலைகீழ்: ஹெற்றரோகுரோமற்றின் நடுவில் ஒரே திரளாகவும் இயங்கும் ஜீன்கள் ஓரத்திலும் இருக்கும். 2009-ல் வெளியான ஆய்வு காரணத்தையும் சொன்னது. நடுத்திரள் ஒரு நுண்வில்லையாக வேலை செய்து, ஒளியைச் சிதறவிடாமல் உள்ளே அனுப்புகிறது. இருட்டில் கிடைக்கிற கொஞ்ச வெளிச்சமும் வீணாவதில்லை. ஓரத்தில் இருந்தும் அந்த ஜீன்கள் இயங்குகின்றன. ஆகவே ஓரம் என்றால் அமைதி என்பது வழக்கமே தவிர விதி அல்ல.

"கரு கலத்தின் மூளை" என்று எழுதலாமா?

கட்டுப்பாட்டு மையம் என்று எழுதுங்கள், புள்ளி கிடைக்கும். மூளை என்று எழுதினால் எனக்குப் பிடிக்காது. கரு யோசித்துக் கட்டளை போடும் உறுப்பல்ல. அது பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் சேதிக்கு ஏற்ப நடந்துகொள்கிறது.

1962-ல் ஜோன் கேர்டன் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். வாற்பேத்தையின் குடற்கலக் கருவை எடுத்து, தன் கரு செயலிழந்த தவளை முட்டைக்குள் வைத்தார். குடலுக்கான ஜீன்களை வாசித்துக்கொண்டிருந்த அதே கரு, முட்டையின் குழியவுருவுக்குள் போனதும் முழுத் தவளை ஒன்றை உருவாக்கும் நிலைக்குத் திரும்பியது. கரு கட்டளையிடுவதாக இருந்தால் முட்டை அல்லவா குடற்கலமாக மாறியிருக்கவேண்டும்? 2006-ல் ஷின்யா யமனாகா, வெறும் நான்கு பிரதியெடுத்தற் காரணிகளை எலியின் தோற்கலங்களில் புகுத்தி அவற்றை, வேறு கலங்களாக மாறக்கூடிய தண்டுக்கலங்கள் போன்ற நிலைக்குக் கொண்டுவந்தார். இருவருக்கும் 2012-ல் நோபல் பரிசு.

வீட்டிலேயே உதாரணம் வேண்டுமா? முட்டு (ஆஸ்துமா) உள்ள பிள்ளை இருக்கும் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு இன்ஹேலர் இருக்கும். சல்பியூற்றமோல் சில நிமிடங்களில் வேலை செய்யும். காரணம், அது கலமென்சவ்வில் உள்ள வாங்கியில் (சேதியைப் பெறும் புரதத்தில்) ஒட்டி, அங்கிருந்தே தசையைத் தளர்த்துகிறது. மற்றது ஸ்டீரொயிட். அதன் மூலக்கூறு கலத்துக்குள் நுழைந்து, குழியவுருவில் காத்திருக்கும் வாங்கியில் ஒட்டும். பிறகு இரண்டும் சேர்ந்து கருவுக்குள் போய் அழற்சி சார்ந்த ஜீன்களின் வாசிப்பை மாற்றும். ஜீனை வாசித்து, ஆர்என்ஏ வெளியே வந்து, புரதம் உண்டாக மணித்தியாலங்கள் பிடிக்கும். முழுப் பலன் தெரிய நாட்கள் ஆகும். "அடிச்சும் ஒண்டும் தெரியேல்ல" என்று சொல்லி நிறுத்திவிடுகிற அம்மாமாருக்கு நான் சொல்வது இதைத்தான்.

கருமென்சவ்வில் உள்ள துளைகள் வெறும் ஓட்டைகளா?

ஓட்டை என்று சொல்லவே முடியாது. ஒவ்வொரு துளையும் சுமார் 30 வகைப் புரதங்களில், ஆயிரத்தை எட்டும் பிரதிகள் கூடிக் கட்டிய எட்டுமடிச் சமச்சீரான அமைப்பு. ஒரு கருவில் இவை ஆயிரக்கணக்கில் இருக்கும். அயன்கள், சிறு மூலக்கூறுகள், ஏறத்தாழ 40 கிலோடால்டனுக்குக் (மூலக்கூற்றின் திணிவை அளக்கும் அலகு) குறைந்த புரதங்கள் தாமாகவே போய்வரும். பெரியவற்றுக்கு முகவரிக் குறி வேண்டும். அந்தக் குறி, புரதத்தின் அமினோ அமில வரிசையிலேயே எழுதப்பட்டிருக்கும். இம்போர்ட்டின் புரதங்கள் அதை வாசித்து உள்ளே கூட்டிப்போகும். எந்தத் திசையில் இறக்கிவிடுவது என்பதை ரான் என்ற சிறு புரதம் தீர்மானிக்கும்.

ஜீனின் செய்தியைக் காவி வெளியே போகும் தூதாள் ஆர்என்ஏக்கும் சோதனை உண்டு. இடைத்துண்டுகள் வெட்டப்பட்டு, முனைகள் இரண்டும் பாதுகாக்கப்பட்ட பிறகே சாதாரணமாக அது வெளியேறும். பக்டீரியாவுக்குக் கரு இல்லை. ஆர்என்ஏ முழுதாக எழுதப்படுவதற்கு முன்பே, புரதம் கட்டும் றைபோசோம் அதை வாசிக்கத் தொடங்கிவிடும். எழுதுவதையும் வாசிப்பதையும் ஒரு சுவரால் பிரித்ததே நமக்குக் கிடைத்த பெரிய வசதி. வெட்டி ஒட்டி ஒரே ஜீனிலிருந்து பல புரதங்கள் செய்ய இடையில் அவகாசம் கிடைக்கிறது.

புன்கருவின் வேலை?

றைபோசோம் கட்டுவது. மனிதரில் 13, 14, 15, 21, 22 ஆகிய நிறமூர்த்தங்களின் குறும்புயங்களில் உள்ள றைபோசோம் ஆர்என்ஏ ஜீன்கள் ஒன்றுகூடும் இடம் அது. அதைச் சுற்றி மென்சவ்வு கிடையாது, இது பரீட்சையில் அடிக்கடி வரும். வேகமாக வளரும் கலத்தில் புன்கரு பெரிதாக இருக்கும்.

டெங்கு காலத்தில் எடுக்கும் எஃப்பிசி (முழுக் குருதிக் கல எண்ணிக்கை) ரிப்போட்டுக்கும் கருவுக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய உண்டு. கொழும்பில் காய்ச்சல் வந்தால் மூன்றாம் நாள் எல்லார் கையிலும் இருக்கும் அந்தத் தாள், ஒரு வகையில் கருக்களின் பட்டியல்தான். நியூட்ரோபில், லிம்போசைட் என்று வீதம் போட்டிருப்பார்கள் அல்லவா? குருதிப் படலத்தை நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது இவற்றைப் பிரித்தறிய முதலில் உதவுவது கருவின் வடிவம். நியூட்ரோபிலின் கரு பொதுவாக மூன்று முதல் ஐந்து சோணைகளாகப் பிரிந்திருக்கும். லிம்போசைட்டில் உருண்டையாக, கலத்தை அடைத்துக்கொண்டு இருக்கும். நியூட்ரோபில்லின் கருவில் லாமின் ஏ குறைவு, ஆகவே அது வளைந்து கொடுக்கும். இரத்தக்குழாய்ச் சுவரின் நெருக்கமான இடைவெளிக்குள் புகுந்து கிருமி இருக்கும் இடத்துக்குப் போவதற்கு அப்படித்தான் இருக்கவேண்டும்.

எல்லாரும் முதலில் தேடும் ப்ளேட்லெட்டுக்குக் கரு இல்லை. எலும்பு மச்சையில் உள்ள இராட்சதக் கலங்களிலிருந்து உதிரும் துண்டுகள் அவை. அந்தத் தாய்க்கலத்தின் கருவிலோ வழக்கமானதைப் போல் எட்டு மடங்கு டிஎன்ஏ இருப்பது சாதாரணம், அதற்கு மேலும் இருக்கலாம். செங்குழியமும் முதிரும்போது தன் கருவை வெளியே தள்ளிவிடும். கோழிக்கு அப்படி இல்லை, அதன் செங்குழியத்தில் கரு அப்படியே இருக்கும். கரு இல்லாததால் புதிதாக ஆர்என்ஏ எழுத வழியில்லை. நம் செங்குழியம் கையிருப்பை வைத்தே சுமார் 120 நாள் ஓட்டுகிறது, ப்ளேட்லெட் ஏழு முதல் பத்து நாள்.

தலசீமியாவும் ஜீன் கட்டுப்பாட்டுப் பிரச்சினையா?

நோய் வருவது ஜீனில் உள்ள பிழையால். ஆனால் அண்மையில் வந்த ஒரு சிகிச்சை முழுக்க முழுக்கக் கட்டுப்பாடு சம்பந்தப்பட்டது. நம் நாட்டில் குருநாகலில் தனியாகத் தலசீமியா நிலையம் இயங்கும் அளவுக்கு இந்த நோய் இங்கே உண்டு. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

செங்குழியத்தில் ஒட்சிசனைக் காவும் ஈமோகுளோபின், குளோபின் புரதங்களால் ஆனது; தலசீமியாவில் அவற்றில் ஒன்று குறைகிறது. 11-ஆம் நிறமூர்த்தத்தில் பீற்றா வகைக் குளோபின் ஜீன்கள் வரிசையாக உள்ளன. முளையத்தில் இயங்குவது முதலில், முதிர்மூலவுருவில் (வயிற்றில் வளர்ந்த சிசுவில்) இயங்கும் காமா அடுத்து, பெரியவரில் இயங்கும் பீற்றா கடைசியில். இயங்கும் காலமும் அதே வரிசைதான். இவற்றுக்கு முன்னால் சற்றுத் தள்ளி ஒரு வலுவான தூண்டித் தொகுதி இருக்கிறது. அது தடமாக வளைந்து வந்து வயிற்றில் இருக்கும்போது காமாவையும், பிறந்தபின் படிப்படியாக பீற்றாவையும் சந்திக்கும். பீற்றா தலசீமியா உள்ள குழந்தை பிறக்கும்போது நன்றாக இருந்து சில மாதங்களில் வெளிறத் தொடங்குவது இதனால்தான். காமா ஓயும் வரைக்கும் பீற்றாவின் குறை வெளியே தெரியாது.

அப்படியானால் காமாவை ஓயவிடாமல் செய்தால் என்ன? காமாவை அடக்கும் முக்கிய புரதம் பிசிஎல்11ஏ. அதை முழுதாக அழிக்க முடியாது, வேறு கலங்களுக்கு அது வேண்டும். ஆனால் அந்த ஜீனைச் செங்குழிய முன்னோடிக் கலங்களில் மட்டும் தூண்டும் ஒரு துண்டு உண்டு. நோயாளியின் சொந்தத் தண்டுக்கலங்களை வெளியே எடுத்து, டிஎன்ஏயைக் குறித்த இடத்தில் வெட்டும் கிறிஸ்பர் முறையால் அந்தத் துண்டை மட்டும் சிதைத்து, திரும்ப உடலில் செலுத்துகிறார்கள். பிசிஎல்11ஏ செங்குழியப் பாதையில் குறைகிறது, காமா மறுபடி இயங்குகிறது. காஸ்ஜெவி என்ற பெயரில் இதற்குப் பிரித்தானியா 2023 நவம்பரில் அனுமதி கொடுத்தது. தலசீமியாவுக்கு அமெரிக்க அனுமதி 2024 ஜனவரியில் வந்தது. பழுதான பீற்றா ஜீனை யாரும் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அமெரிக்காவில் விலை 22 இலட்சம் டொலர், அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். இங்கே நமக்கு எட்டும் தூரத்தில் இருப்பது கலியாணத்துக்கு முன் காவிப் பரிசோதனை செய்வது. காவி என்றால் நோய் இல்லாமல் பழுதான ஜீனின் ஒரு பிரதியை மட்டும் வைத்திருப்பவர். இருவரும் காவிகள் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. சாதகப் பொருத்தம் பார்க்கும் நேரத்தில் இந்த இரத்தப் பரிசோதனைக்கும் ஒரு காலை ஒதுக்கலாம்.

மூன்று நிறப் பூனை எப்போதும் பெண்ணாக இருப்பது ஏன்?

எங்கள் ஒழுங்கையில் திரியும் பூனைகளைக் காட்டி ஒரு பிள்ளை கேட்டது. செம்மஞ்சள் நிறத்துக்கான மாற்றம் எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஆணுக்கு ஒன்றுதான். முளையப் பருவத்தில் ஒவ்வொரு கலமும் ஏதாவது ஓர் எக்ஸை மூடிவிடும், அதன் மகட்கலங்களும் அதே எக்ஸை மூடியே வைத்திருக்கும். ஆகவே தோலில் ஒரு திட்டில் செம்மஞ்சள், இன்னொரு திட்டில் கறுப்பு. வெள்ளை வேறொரு ஜீனால் வருவது. மேரி லையன் 1961-ல் இந்த விளக்கத்தை எலிகளை வைத்து முன்வைத்தார். மூடிய எக்ஸ் கருவின் ஓரத்தில் சுருண்டு கிடக்கும் புள்ளியை 1949-ல் பாரும் பேர்ட்ராமும் கண்டது பூனையின் நரம்புக்கலங்களில்தான். மூடும் வேலையைத் தொடங்குவது எக்சிஸ்ட் என்ற ஆர்என்ஏ. அது புரதமாக மாறுவதில்லை. தான் உண்டான நிறமூர்த்தத்தையே போர்த்திக்கொண்டு மற்ற அடக்கும் புரதங்களை வரவழைக்கும்.

செம்மஞ்சளுக்கான மாற்றம் எது என்பது 2025-ல்தான் வெளிவந்தது. புரதத்துக்கான எழுத்து எதுவும் மாறவில்லை. சுமார் 5,000 மூலச் சோடி கொண்ட ஒரு துண்டு விடுபட்டதால், நிறமிக் கலங்களில் வழக்கமாக இயங்காத ஒரு ஜீன் அங்கே இயங்குகிறது. மூன்று நிற ஆண் பூனையும் மிக அரிதாக உண்டு. அதற்கு எக்ஸ் இரண்டும் வை ஒன்றும் இருக்கும்.

நினைப்பாலும் உணவாலும் ஜீன்களை மாற்றலாம் என்று வட்ஸ்அப்பில் வருகிறதே?

வாழ்க்கை முறை ஜீன்களின் இயக்கத்தைப் பாதிக்கிறது, அதில் சந்தேகமில்லை. சாப்பிட்டால்கூட ஈரலில் பல ஜீன்களின் வாசிப்பு மாறும். 1944–45 குளிர்காலத்தில் ஒல்லாந்தில் பஞ்சம் வந்தது. அந்த நேரம் தாயின் வயிற்றில் உருவானவர்களை ஏறத்தாழ அறுபது ஆண்டுக்குப் பிறகு ஆராய்ந்தபோது, வளர்ச்சியோடு தொடர்புடைய ஐஜிஎஃப்2 ஜீனில் மெதைல் கூட்டங்கள் சற்றுக் குறைவாக இருந்தன. 2008-ல் வெளியான ஆய்வு அது. இது உண்மை. இதிலிருந்து "எங்கள் மாத்திரை உங்கள் ஜீன்களைத் திருத்தும்" என்பதற்குத் தாவுவது வியாபாரம். எந்தக் கலத்தில், எந்த ஜீனில், எந்த மாற்றம் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் காசை மிச்சம் பிடியுங்கள்.

பள்ளிக்கூட ஆய்வுகூட நுணுக்குக்காட்டியில் இவற்றில் எதைப் பார்க்கலாம்?

1831-ல் றொபேட் பிறவுண் ஓர்க்கிட் கலங்களில் கருவைக் கண்டு பெயர் வைத்த அளவுக்குக் கட்டாயம் பார்க்கலாம். வெங்காயத் தோலுக்கு அயடீன், கன்னக் கலத்துக்கு மெதைலீன் நீலம். வெங்காயத்தில் புன்கருவும் பல வேளை தெரியும், கருவுக்குள் ஒன்றிரண்டு சிறிய உருண்டைகளாக. வெங்காய வேர்நுனியை நசுக்கிச் சாயமேற்றினால் பிரியும் கலங்களில் நிறமூர்த்தங்களையும் காணலாம். ஆனால் பிரதேசங்களும் தடங்களும் தெரியாது. ஒளி நுணுக்குக்காட்டியின் பிரிவலு சுமார் 200 நனோமீற்றரோடு நின்றுவிடும், நியூக்கிளியோசோமின் அகலமோ 11 நனோமீற்றர்தான். கன்னத்தைச் சுரண்டும்போது பல்குச்சியின் மழுங்கிய பக்கத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். சாயம் ஒரு துளி போதும், கூடினால் எல்லாமே நீலமாகி எதுவும் தெரியாது.